தப்பு பம்ப்பில் இல்லை

மச்சான், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். டீசல் வாசனை போகவில்லை. அதோடு எலுமிச்சம்பழ வாசனையும் சேர்ந்து நிற்கிறது. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் எனக்கு முன்னால் பதினோரு லாரி நிற்கிறது. என்னால் உட்கார முடியவில்லை. இறங்கி நடக்கிறேன், ஏறி உட்காருகிறேன், மறுபடி இறங்குகிறேன். அதனால்தான் ஒரு பழைய நோட்டில் உனக்கு எழுத ஆரம்பித்தேன். நீ உயிரோடு இருந்தபோது ஒரு போன் பண்ணாதவன் இப்போது கடிதம் எழுதுகிறானா என்று நீ கேட்கலாம். கேள்.

காலையில் வெள்ளிமலைக்கு மேலே ஒரு மரவள்ளிக் கொல்லையில் வண்டி மக்கர் பண்ணியது. நீ பதினைந்து வருஷம் உன் பட்டறையில் கை வைத்துப் பார்த்த அதே கிழட்டு வண்டிதான். குச்சிக்கிழங்கை நேற்றே பிடுங்கி ஏற்றியாகிவிட்டது. ராத்திரி பூராவும் மழை. விடிந்து செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, பற்றவில்லை. கொல்லைக்காரம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"அண்ணா, இன்னிக்கு மில்லுக்குப் போயி சேரலன்னா கெழங்கு கருத்துப்பூடுங்க. அப்பறம் எடுக்கவே மாட்டாங்க."

பத்து மாசப் பாடு அவளுக்கு. என் புத்தி உனக்குத் தெரியாதா? டீசல் பம்ப் போச்சு என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். கள்ளக்குறிச்சி பம்ப் ரிப்பேர்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தால் டவர் இல்லை. மலையை ஒரு பாட்டம் திட்டினேன். வேறு வழியில்லாமல்தான் நீ சொன்னபடி பார்க்கத் தொடங்கினேன்.

எந்த வண்டி வந்தாலும் நீ ஸ்பானரைத் தொடமாட்டாய். பின்னால் போய் நின்றுகொண்டு, "மொதல்ல பொகையப் பாருய்யா" என்பாய். "பொகை வந்தா உள்ள டீசல் போவுது. வர்லன்னா எங்கியோ தடை இருக்குது. கண்ணால பாக்க முடிஞ்சத மொதல்ல பாரு. கயட்டறதெல்லாம் கடைசி." எனக்கு அந்த நிதானத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

கொல்லைக்காரம்மாவை சைலென்சர் பக்கம் நிற்கவைத்து மறுபடி செல்ஃப் அடித்தேன்.

"பொகையே இல்லீங்கண்ணா," என்று கத்தினாள்.

டேங்கில் டீசல் இருந்தது. பம்ப்பின் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி ஹேண்ட் பம்ப்பை அடித்தேன். ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் டீசல் சுத்தமாக வந்தது. ஆக, பம்ப் வரைக்கும் வருகிறது, பம்ப்பைத் தாண்டிப் போகவில்லை. பார்த்தாயா, பம்ப்தான் என்று உன்னிடமே சண்டைக்கு நின்றேன். அப்புறம்தான் பம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டாப்பர் கண்ணில் பட்டது. இன்ஜினை நிறுத்தும்போது டீசலை அடைக்கிற அந்தச் சின்ன இரும்புக் கை, முழுசாகத் திரும்பாமல் பாதியில் நின்றது. அதன் ஒயர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே கேபினுக்குள் ஏறினேன்.

நேற்று அமாவாசை மச்சான். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிற்றை எப்போதும் முன் பம்பரில்தான் கட்டுவேன். மழை கொட்டினால் மட்டும் உள்ளே. நேற்று இன்ஜினை நிறுத்த, டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டாப்பர் குமிழை இழுத்தேன். இழுத்த கையோடு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அதன் கழுத்திலேயே கறுப்புக் கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். காலையில் பழக்கத்தில் கட்டைவிரலால் குமிழைத் தள்ளினேன். கயிறு இடையில் இருந்தால் அது எப்படி உள்ளே போகும்? கை தள்ளியது, குமிழ் உள்ளே போய்விட்டது என்று மனசு நம்பிக்கொண்டது.

கயிற்றை அவிழ்த்தேன். குமிழ் உள்ளே போனது. ஒரு செல்ஃப்தான், வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கொல்லைக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் உன்னைத் திட்டிய அன்றைக்கும் அமாவாசைக்கு மறுநாள்தான். அன்றைக்கும் மழைதான்.

உனக்கு நினைவிருக்கும். கச்சிராயபாளையத்தில் உன் பட்டறை வாசல். முந்தின நாள் நீ ஃபில்டர் மாற்றிக் கொடுத்திருந்தாய். சாயங்காலம் வரை நன்றாக ஓடிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினேன். பம்ப்பைக் கெடுத்துவிட்டாய் என்றேன். உனக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, பட்டறையை இழுத்து மூடு என்றேன். உனக்கும் எனக்கும் ஒரே வயசு.

நீ கேபின் கதவருகே வந்து, "நான் ஒரு தபா உள்ள ஏறிப் பாக்கறேன்" என்றாய். நான் கதவை மறித்துக்கொண்டு, "நீ தொட்டதெல்லாம் போதும்" என்றேன். நீ கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டாய்.

கள்ளக்குறிச்சிக்காரர் வந்து பம்ப்பைக் கழற்றி மாட்டினார். ஒயரைச் சோதிக்கும்போது குமிழில் கிடந்த கயிறு இடைஞ்சல் என்று அறுத்துக் காலடியில் போட்டார். திருஷ்டிப் பழத்தை மிதிக்கிறாரே என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. பாருங்கள், பம்ப்தான் என்று ஊருக்கே சொன்னேன். ஐந்து மாதம் கழித்து உன் சாவுக்கு வந்து மாலை போட்டபோதும், நல்லவன்தான், ஆனால் என் பம்ப்பைக் கெடுத்தவன் என்று ஓரமாக ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாக இருக்கிறது மச்சான்.

இன்று மலையிறங்கி வரும் வழியில் அதே டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை ஓடவிட்டுக் கீழே குதித்தேன். அன்றைக்குச் சத்தமாகத் திட்டியவன் இன்றைக்கு ரகசியமாகச் சொல்லக் கூடாது இல்லையா? "அன்னிக்கு தப்பு அவன் மேல இல்ல. பம்ப்பு மேலயும் இல்ல. நான் கட்டுன கயித்தாலதான் வண்டி நின்னுச்சி," என்று கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சத்தம் கேட்டு, பட்டறையை ஒட்டிய வீட்டிலிருந்து உன் பெண்டாட்டி வெளியே வந்தாள். அவளிடமும் சொன்னேன்.

"தெரியும்ண்ணா," என்றாள். "அன்னிக்கே வூட்டுக்கு வந்து கை கழுவிக்கினே சொன்னாரு. கதவாண்ட நின்னப்பவே அந்தக் கயித்தப் பாத்துட்டாராம்."

"பாத்தவன் சொல்லக் கூடாதாம்மா?"

"நானும் அத்தத்தான் கேட்டேன். அத்தினி பேரு எதிர்ல சொன்னா அவனுக்கு அசிங்கமா பூடும், சத்தமில்லாம உள்ள ஏறி அவுத்துடலாம்னு பாத்தேன், வுடலன்னாரு. கோவம் எறங்குனா அவனே வருவான், அப்ப சொல்லிக்கலாம்னு சொல்லிக்கினே இருந்தாருண்ணா. லாரி சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கிழங்கு கருத்துவிடும் என்று சாக்குச் சொல்லி வண்டியில் ஏறிவிட்டேன்.

வரிசை நகர்கிறது. இன்னும் நாலு லாரிதான் பாக்கி. கிழங்கு வெள்ளையாகத்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்வார்கள். கொல்லைக்காரம்மாவுக்குக் கவலையில்லை. அந்தப் பாரத்தை இறக்கிவிடுவார்கள். என் பாரத்தை எந்த மில்லில் இறக்குவது?

நீ எட்டிப் பார்த்த அந்த ஐந்து மாதமும் வாரத்துக்கு நாலு நடை உன் வாசல் வழியாகத்தான் போய்வந்தேன் மச்சான். பட்டறை கிட்டே வந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்துத்தான் போனேன்.