தோற்றுப்போன முதல் கூட்டம்

நேற்றுதான் சாந்தன்பாறையிலிருந்து திரும்பினேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் பச்சை ஏலக்காய் வாசனை போகவில்லை. இன்று காலை துறை அறையில் வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது அது மூக்கில் ஏறியது. உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குள் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

நம் படிப்பு தொடங்கியபோது நாம் ஐந்து பேர்தான். பாலக்காட்டுக் கல்லூரியில் வேதியியல் கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை, எப்போதும் அமில வாடை. பொதுப்பணிக்கும் ஊர்ப்பணிக்கும் ஆட்களைத் தயார் செய்யும் எம்.ஏ. என்று அறிவித்திருந்தார்கள். கொல்லங்கோட்டில் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மேலும் இதைப் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா, "ஏனம்மணி, ஊருக்கு ஒழைக்கறதுக்குங்கூடப் பரீச்சை எழுதோணுமா?" என்றார்.

நீ கல்பாத்தியிலிருந்து நடந்தே வருவாய். உனக்கு முன்னால் உன் குரல் வாசலில் நுழையும். மூன்றாம் நாள் என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஏண்டீ, வாயில என்ன கொழுக்கட்டையா? இன்னும் ஒரு வார்த்தை பேசலையே!"

"ஒண்ணுமில்லீங்க."

"என்னைப் போய் 'ங்க'ங்கறாளே! நான் என்ன தாசில்தாரா?"

அன்று சிரித்த சிரிப்பில்தான் நாம் சிநேகிதிகளானோம்.

முதல் வருட முடிவில் பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் நம் களப்பணியைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் படிப்பு தொடரும், இல்லையென்றால் அந்த வருடத்தோடு மூடிவிடுவார்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். உனக்கென்றால் அது வேறு கல்லூரி தேடும் அலைச்சல். எனக்கு அப்படியில்லை. படிப்பு நின்றால் பொள்ளாச்சி மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவதாக அப்பா முடிவு செய்திருந்தார்.

போடி வழியாகச் சாந்தன்பாறைக்கு மலையேறிப் போனோம். ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களைக் கூட்டி ஒரு குழு அமைப்பது நம் இருவருக்கும் கொடுத்த பணி. காய் உலர்த்தும் ஸ்டோரின் முற்றத்தில் கூட்டம் போட்டோம். நீ முக்கால் மணி நேரம் பேசினாய். எழுதப் படிக்கச் சொல்லித்தர மாலைப் பள்ளி வேண்டுமா என்று கேட்டாய். எல்லாக் கைகளும் உயர்ந்தன. நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

மறுநாள் மாலை சிலேட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒருத்திகூட வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"எல்லாரும் கையைத் தூக்கினேளே!" என்று நாம் தங்கியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளிடம் கிட்டத்தட்ட அழுதாய்.

"பின்னால கங்காணி நின்னாருல்லா டீச்சரு. அவரு மொகத்தப் பாத்தோம், தூக்கிட்டோம்." வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு அவள் சொன்னாள். "ஆனா நீங்க நல்லாத்தான் பேசுனிய. சினிமா பாத்த மாதிரி இருந்துச்சு."

மறுநாள் விடிந்ததும் நான் பேச்சியம்மாளோடு ஏலக்காட்டுக்குப் போனேன். ஏலக்காய், செடியின் அடியில், மண்ணை ஒட்டிக் கிடக்கும் சரத்தில் காய்க்கும். குத்தவைத்துக் குனிந்துதான் எடுக்க வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கூட்டத்தில் வாய் திறக்காத எனக்கு அங்கே பேச வந்தது. அவர்களும் மண்ணைப் பார்த்தபடியே பேசினார்கள். கைக்குழந்தைகளைச் சாக்குத் தொட்டிலில் கட்டி மரத்தடியில் விட்டுவிட்டு வேலை செய்கிறார்கள். மழை, அட்டைக்கடி. "பள்ளிக்கொடம் கெடக்கட்டும் தாயி. பிள்ளையள ஒதுக்க ஒரு கொட்டாயும் பாத்துக்கிட ஒரு ஆளும் இருந்தாப் போதும்" என்றாள் பேச்சியம்மாள்.

மாலையில் உன்னிடம் சொன்னேன். நீ அறிக்கையை எடுத்து, 'அனைவரும் ஒருமனதாக ஆதரித்தனர்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'கூட்டம் தோல்வி. அவர்கள் கேட்காத ஒன்றை நாங்கள் கொடுக்கப் போனோம்' என்று எழுதினாய்.

"இதப் பாத்தா மூடிப்போடுவாங்க. அப்பறம் எனக்குப் படிப்பே இல்லை!" என்று கத்தினேன். அதுவரை நான் யாரிடமும் கத்தியதில்லை.

"மூடட்டும். பொய்யெழுதிக் காப்பாத்தின படிப்புல நீயும் நானும் என்னத்தைக் கத்துக்கப் போறோம்?"

அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. காலையில் காட்டுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தால் நீ கூடையோடு பின்னால் வந்துகொண்டிருந்தாய். உச்சிப்பொழுதுவரை மூச்சுவிடாமல் காய் எடுத்தாய். பிறகு என் காதருகே வந்து, "பேசாம இருந்து நாக்கு அரிக்கறதுடீ" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தேய்த்த சட்டையோடு பல்கலைக்கழகத்துக்காரர்கள் இருவரும் வந்தார்கள். அறிக்கையை அப்படியே நீட்டினாய். அதைப் படிக்கும்போது ஒருவருடைய புருவம் ஏறியது. நீயோ, "கூட்டம் போடலை சார். நீங்கதான் காட்டுக்கு வரணும்" என்றாய். அங்கே அவர்கள் நின்றபடி ஏதோ கேட்க, பேச்சியம்மாள் தலை நிமிராமல், "ஐயாமாரு உக்காந்தா நல்லது. நின்னுக்கிட்டுக் கேட்டா எங்களுக்குப் பேச்சு வராது" என்றாள். ஒருவர் சிரித்துக்கொண்டே கால்சட்டையை மடித்துவிட்டுக் குத்தவைத்தார். மற்றவர் சுற்றிலும் அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார்கள்.

படிப்பு தொடரலாம் என்று கடிதம் வந்தது. களப்பணிக்குப் போகும் மாணவர்கள் முதல் வாரம் மக்களோடு வேலை மட்டும் செய்ய வேண்டும், கேள்விகள் பிறகு என்றும் அதில் இருந்தது. இன்றுவரை அதுதான் விதி. இப்போது இதே துறையில் பாடம் எடுக்கிறேன்; நேற்றுக் காலை என் மாணவிகளோடு நானும் காய் எடுத்தேன். பேச்சியம்மாள் அன்று கேட்ட கொட்டகை, தகரக் கூரையோடு, அடுத்த வருடமே வந்துவிட்டது. உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பொள்ளாச்சிப் பேச்சை விட்டுவிட்டார். கடைசிப் பரீட்சைக்கு முன் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. பட்டம் வாங்கியவர்கள் பட்டியலில் நாங்கள் நாலு பேர்தான்.

போன வாரம் துறையின் வரலாற்றைக் கல்லூரி ஆண்டு மலருக்காக ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். முதல் கூட்டம் தோற்றதையும், அதை மறைக்காமல் எழுதியவள் நீ என்பதையும் பெயரோடு எழுதினேன். பேராசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "தொடக்கமே தோல்வின்னு போடணுமாம்மா? அதுவும் பட்டம் வாங்காத பொண்ணு பேரோட?"

அறையில் வேறு ஆசிரியர்கள் நாலு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். "போடோணுங்க சார். அதனாலதானுங்க இந்தப் படிப்பே இருக்குது."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். உன் பெயர் அப்படியே அச்சுக்குப் போயிருக்கிறது.

நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு இன்னமும் நடுக்கம்தான். நடுங்கிக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.