முடிச்சை ப்ரீத்தி போடட்டும்

மகர்பட்டா, புனே
மார்கழி முதல் ஞாயிறு

அன்புத் தம்பி விசுவுக்கு,

அக்கா அகல்யா எழுதுவது. நானும் உன் முரளி மாமாவும் மீனுவும் இங்கே சௌக்கியம் என்று வழக்கம்போல எழுதிவிடுகிறேன். அதில் எவ்வளவு உண்மை என்பதை மீதிக் கடிதத்தைப் படித்து நீயே தெரிந்துகொள்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். கல்யாண வீட்டில் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரவிக்கை தைப்பவரோடு பேசிக்கொண்டிருப்பாய். கடிதத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மீனுவுக்குத் தமிழ் படிக்க வராது. முரளிக்கு வரும், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்தாலே அவருக்குத் தலைவலி வந்துவிடும். அதனால் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து தைரியமாக எழுதுகிறேன்.

இந்தப் பார்சலில் இருப்பது காவ்யாவுக்கு நான் எடுத்த பைத்தானிப் பட்டுப்புடவை. லட்சுமி ரோட்டில் வாங்கினேன். எனக்குத்தான் எடுக்கிறேன் என்று நினைத்து, கடைக்காரர் கறுப்பும் கருநீலமுமாக எடுத்துப் போட்டார். தடித்தவர்களுக்கு அடர்நிறம்தான் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த சட்டம் அல்லவா. தம்பிக்கு வரப்போகிறவளுக்கு என்றதும் மடமடவென்று மஞ்சளும் ராமர் பச்சையும் இறங்கின. பச்சையை எடுத்தேன், முந்தானையில் மயில் இருக்கிறது. நானே கையில் கொண்டுவந்து கொடுப்பதாகத்தான் இருந்தேன்.

விசு, நான் உன் கல்யாணத்துக்கு வரவில்லை. மூட்டுவலி, டாக்டர் பயணம் கூடாதென்கிறார் என்று பெரியப்பா வீட்டிலும் மற்றவர்களிடமும் சொல்லிவிடு. ஊருக்குச் சொல்ல அது போதும். உனக்கு மட்டும் உள்ளதை எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு நீ என்னைப் பார்க்கவில்லை. அன்றும் சரியாகப் பார்த்திருக்க மாட்டாய். யார் கண்ணிலும் படாமல் நிற்க நான்தான் தூண் தேடிக்கொண்டிருந்தேனே. நீ வாட்ஸப்பில் முகப்பாக வைத்திருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார். வலது ஓரத்தில் தாம்பாளத்தைப் பிடித்தபடி ஒரு கை, கல் வளையலோடு தெரியும். அது நான். போட்டோக்காரர் என்னை இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்குப் படம் நன்றாக வரவேண்டும்.

இங்கே யாரும் அப்படி நேராகச் சொல்வதில்லை. லிஃப்டில் பார்க்கும் பக்கத்து வீட்டு மராத்தி அம்மா, ‘தப்யேத் சுதார்லி’ என்பார். தேகம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில்போல, என்ன இப்படி ஊதிவிட்டாய் என்று கேட்டாலாவது பதிலுக்கு ஒரு சண்டை போடலாம். இதற்குச் சிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது. சிரித்துவிட்டு மறுநாளிலிருந்து படியேறிப் போக ஆரம்பித்தேன், உடம்பு குறைய அல்ல, அவர் கண்ணில் படாமல் இருக்க. முட்டி போனதுதான் மிச்சம்.

முட்டி மட்டும் இல்லை. சர்க்கரை வந்துவிட்டது. ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. தைராய்டு மீனு பிறந்ததிலிருந்தே இருக்கிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். மூக்கில் ஒரு மாஸ்க்கை மாட்டி, காற்றடிக்கும் மெஷினோடு தூங்குகிறேன். அந்தச் சத்தம் தாங்காமல் முரளி ஹாலுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் போனார். அப்புறம் திரும்பி வரவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் நான் வாயைக் கட்டவில்லை என்பது ஒன்றுதான். அது பொய்யும் இல்லை. எல்லோர் முன்னாலும் ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிடுவேன். பிறகு கீழே பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து வடா பாவ் தின்பேன். ருசி தெரியாது. தின்றதற்காக அழுவேன், அழுகை நிற்பதற்காக இன்னொரு பொட்டலத்தைப் பிரிப்பேன். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்தே வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் என் குரலை மட்டும்தான் அறிவார்கள்.

இதையெல்லாம் ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். இது சோம்பேறித்தனம் இல்லை, நோய். உடம்பும் மனசும் ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டிருக்கின்றன, இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்றார். மனசுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லையே என்று அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன். மாத்திரை விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிடாதே, பைத்தியத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

மீனு விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. கொஞ்ச நாளாகவே டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால் பசியில்லை என்பாள். ஒருநாள் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் உட்காரும் ஷ்ரேயஸிடம், சாப்பிட்டால் மம்மி மாதிரி ஆகிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாளாம். டீச்சர் அதைத் தயங்கித் தயங்கி ஹிந்தியில் சொன்னார். வீட்டுக்கு வந்தோம். மீனு வழக்கம்போலக் கீழே உட்கார்ந்து என் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டாள். குனிந்தால் எனக்கு மூச்சு வாங்கும் என்பதால் காலையில் கட்டிவிடுவதும் அவள்தான். நாலாம் வகுப்பு வரை லேஸ் கட்டத் தெரியாமல் நீ என் முன்னால் காலை நீட்டுவாய். இப்போது நான் என் பிள்ளை முன்னால் நீட்டுகிறேன். அவளிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை விசு.

இந்த லட்சணத்தில் உன் கல்யாணம் எனக்கு எப்படிப்பட்டதாக இருந்தது, தெரியுமா? நிச்சயத்தன்று கிளம்பும்போது காவ்யா தூணுக்குப் பின்னால் என்னைத் தேடி வந்தாள். ‘அண்ணி, உங்க முடிச்ச நல்லா இறுக்கிப் போடுங்க, உங்க தம்பி ஓடிறக் கூடாது’ என்று காதில் சொல்லிச் சிரித்தாள். முதல் முடிச்சு நீ போட்டால் மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, அது என்னுடையது என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் உடம்பைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து ஒருத்தி பேசியது அன்றைக்குத்தான்.

நம் வீட்டு வழக்கப்படி பெண்ணுக்குப் பின்னால் மண்டிபோட்டு அல்லவா முடிச்சுப் போடவேண்டும்? அதற்காகவே ஹடப்சரில் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். ‘தாயீ, ஹளூ ஹளூ’ என்பாள். அக்கா, மெதுவாக, மெதுவாக. முதலில் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தேன், அப்புறம் ஸ்டூல், அப்புறம் மீனுவின் தோள். வீட்டில் மீனுதான் மணப்பெண். துண்டை முக்காடாகப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவள் கழுத்தில் மஞ்சள் நூலால் முடிச்சுப் போட்டுப் பழகுவேன். கூச்சம் தாங்காமல் சிரிப்பாள். அந்த நாட்களில் மட்டும் இன்னும் ஒரு தோசை வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டாள்.

போன வியாழக்கிழமை எதையும் பிடிக்காமல் எழுந்துவிட்டேன். மூச்சு வாங்கியது, கண்ணில் பூச்சி பறந்தது, ஆனாலும் எழுந்துவிட்டேன். மீனு கைதட்டினாள். அதைச் சொல்லத்தான் உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன் அம்மிணி என்று ஆரம்பித்தாள். ‘மண்டிபோட்டு உக்காந்து நீ எந்திரிக்கறக்குள்ள முகூர்த்தமே போயிருங்கண்ணு. வீடியோ எடுப்பாங்க, பொண்ணு வீட்டு ஆளுக பாத்துட்டே இருப்பாங்க. முடிச்ச ப்ரீத்தி போடட்டும். வந்து ஓரமா உக்காந்திருக்க உனக்கும் சங்கடமா இருக்கும், ஊட்லயே இருந்துக்க. உடம்பு முடியலைன்னு சொல்லிக்கலாம்’ என்றாள். கடைசியாக, விசுவுக்கும் அதுதான் சரின்னு படுது என்றாள்.

நான் சரிம்மா என்றேன். எழுந்து நின்றதைச் சொல்லவில்லை. நின்றுகொண்டேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா மகள் ப்ரீத்தி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் ஒல்லியாக, லட்சணமாக இருக்கிறாள், முடிச்சும் நன்றாகப் போடுவாள். அம்மாவிடமும் நீ சண்டைக்குப் போகாதே. என்னை நாலு பேர் பார்த்துச் சிரித்தால் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. அதைப் பாசம் என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபமே இல்லை என்றால் அது பொய். பாத்திரத்தையெல்லாம் சத்தமாகத்தான் கழுவுகிறேன். ஆனால் கோபம் போன பிறகு ஒரு வெறுமை வருகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பிசியோவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மாத்திரையையும் எடுக்கத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்குப் போகவில்லை, மம்மிக்கு முட்டிவலி என்று மீனுவிடம் சொன்னேன். ‘பட் நீ எந்திரிச்சியே மம்மி’ என்றாள். மறுநாள் டிபன் பாக்ஸைத் திறந்தேன். இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது.

அம்மா கடைசியாகச் சொன்னது உண்மையா என்று கேட்க எத்தனையோ தடவை போனை எடுத்தேன். கேட்கமாட்டேன். கேட்டு, நீ ஒரு நொடி யோசித்துவிட்டால்கூட என்னால் தாங்க முடியாது. நீ உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருந்தாலும் நீ என் தம்பிதான். கல்யாண வேலையில் யாரோ கேட்க, ஏதோ ஞாபகத்தில் தலையாட்டியிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நீயும் காவ்யாவும் நன்றாக இருக்கவேண்டும். அவள் நாளைக்கு இளைத்தாலும் பெருத்தாலும், நோயில் விழுந்தாலும், தலையணையை எடுத்துக்கொண்டு நீ மட்டும் ஹாலுக்குப் போய்விடாதே. அக்கா உன்னிடம் கேட்கும் சீர் இது ஒன்றுதான். தாலி கட்டும்போது கை நடுங்காமல் பார்த்துக்கொள். உனக்கு முடிச்சுப் போட ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை. நிறைந்த ஆயுளோடும் நிறைந்த வயிற்றோடும் நிறைந்த மனசோடும் நீங்கள் இருவரும் வாழ, இங்கிருந்தே இரண்டு கையாலும் அட்சதை போடுகிறேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அக்கா,
அகல்யா

பி.கு.: எனக்கும் மீனுவுக்கும் கோயம்புத்தூர் ரயிலில் கீழ்ப்படுக்கையாகப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை ரத்து செய்யச் சொல்லி முரளி நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறார். இன்னும் செய்யவில்லை. உன் பதில் வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன்.