பத்து வெறும் படிவங்களும் நிரப்பிய ஒன்றும்

படுவான்கரை
02.10.2001

அன்பு மகள் தவமலருக்கு,

அம்மன் புண்ணியத்தில் நான் இங்கே எழும்பி நடமாடி, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். நீயும் அந்த லண்டன் குளிருக்குள் தடிமன், காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியதால் எனக்குச் சுகமில்லை என்று நினைத்துவிடாதே, ஏழு தரம் எழுதத் தொடங்கி ஏழு தரமும் கிழித்தேன், அவ்வளவுதான். இது இங்கேயுள்ள தபாலில் வரவில்லை. காத்தான்குடி நஸீறாவின் தம்பி அஹமட் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போகிறான், அங்கே போட்டுவிடுவான். அதனால் மனதில் உள்ளதை ஒளிக்காமல் எழுதுகிறேன். இரண்டு தரம் வாசி, பிறகு ஒருவருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கம்பஸில் உன்னைப் பார்க்கிற அந்த ஆலோசகர் அம்மா கூப்பிட்டு, தை மாதத்திலிருந்து ஆறு மாதம் ஏதாவதொரு சமூகத்தோடு இருந்து வேலை பழக வேண்டும், ஒன்றில் அங்கே கடற்கரைப் பட்டினத்தில் தனித்திருக்கும் வயதுபோனவர்களின் வீடுகளுக்குப் போகலாம், இல்லாவிட்டால் சொந்த ஊருக்கே போகலாம் என்று சொன்னதாகவும், நீ ஒரு நிமிடமும் யோசிக்காமல் நம்முடைய ஊரைச் சொன்னதாகவும், அதற்கு நம்முடைய மாதர் சங்கம் உன்னை அழைத்து ஒரு கடிதம் தர வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் அது கையில் கிடைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். சங்கத் தலைவி நான்தான், சங்கத்து முத்திரையும் என் அலுமாரிக்குள்தான் கிடக்கிறது, எழுத ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்தக் கடிதத்தை நான் தரப்போவதில்லை. நீ வரக் கூடாது மகள். கோபப்படு, அழு, என்னை ஏசு, ஆனால் வராதே. காரணத்தைச் சொல்கிறேன், உன் அப்பாவைப் போல பாதியில் எழும்பிப் போகாமல் கடைசிவரை வாசி.

ஆடி மாதம் உன் ஆய்வுக்காக வீட்டுக் கணக்கெடுக்கச் சொல்லி நீ அனுப்பிய முப்பது படிவங்களும் வந்ததும் எனக்குப் புது உயிர் வந்ததுபோல இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாக, வீடு வீடாகப் போகப் பிடிக்கிற அந்தக் குடையை நான் விரிக்கவே இல்லை. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, படிக்கிறார்களா, என்ன குறை என்று கேட்டு எழுதுவதுதானே, இருபத்தேழு வருடம் இந்த ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைப்பாக நான் செய்த வேலை அதுதானே என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வீடு பக்கத்து வளவு இராசாத்தி வீடு. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "எனக்கு ரெண்டுதான் கா" என்றாள். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்ட முகத்தப் பாத்துச் சொல்லு புள்ள, நாலையும் இந்தக் கையாலதானே புடிச்சன்" என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நாலு என்று எழுதி, நாலு பேரின் பெயரையும் வயதையும் பேனையால் அழுத்தி எழுதினேன். அடுத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். மூன்று பிள்ளை உள்ளவள் ஒன்று என்றாள், ஐந்து உள்ளவள் இரண்டு சின்னதுகள் என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் நான் திருத்தித் திருத்தி எழுதினேன். பத்தொன்பது வீடு முடிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் மகளுக்கு ஒரு பிழையில்லாத கணக்கு அனுப்பப்போகிறேன் என்று. எல்லா வீட்டிலும் தேத்தண்ணீர் தந்தார்கள், ஒருத்தியும் என்னைக் கடப்படி வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பவில்லை. அதைக் கண்டும் எனக்கு உறைக்கவில்லை.

சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு ஊர் ஊராக வருகிறார்கள் என்ற கதை அப்போதே இருந்தது. யார் என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். மற்றப் பக்கத்தார் துவக்கோடு தோணித் துறையடியில் நின்று குடும்ப அட்டையைப் பார்த்துப் பார்த்து ஆட்களை எண்ணுவது வேறு. இந்த இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில்தான் இங்கே பிள்ளை வளர்க்கிறார்கள். அது தெரிந்திருந்தும், உன் படிவத்தை அதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், இரண்டு பொடியன்களும் ஒரு பெட்டையும் ஒரு கொப்பியோடு நம்முடைய வளவுக்குள் வந்தார்கள். மூன்று பேரும் இந்த ஊர்ப் பிள்ளைகள் இல்லை, என் கையில் பிறந்தவர்கள் இல்லை. அந்தப் பெட்டைக்குப் பதினேழு வயதும் இராது, இரத்தமே இல்லை, கண்மடலைப் பார்த்ததும் இவளுக்கு இரும்புக் குளிசை கொடுக்க வேண்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன், பார், புத்தி போகிற போக்கை. நிரப்பிய படிவங்கள் அவ்வளவும் விறாந்தை மேசையில், றேடியோவுக்குப் பக்கத்தில் கட்டாகக் கிடக்கின்றன. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, என்ன வயது என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் வேலிப் பொட்டுக்குள்ளால் இராசாத்தி வந்தாள். கையில் அரிசிச் சுளகு. வந்தவள் யாரையும் பாராமல் சுளகை அந்தக் கடதாசிக் கட்டின் மேல் வைத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். இங்கே எத்தனை பேர் என்று அந்தப் பெட்டை என்னிடம் கேட்டது. இராசாத்திதான் பதில் சொன்னாள். "அவக்கு ஆருமில்ல புள்ள. புருசனும் செத்துப் போனாரு. ஊருக்கெல்லாம் புள்ள புடிச்சிக் குடுத்தவ, தனக்கெண்டு ஒண்டுமில்லாமப் போச்சு" என்றாள். பெட்டை என்னைப் பார்த்து, அப்படியா அம்மா என்று கேட்டது. நான் தலையாட்டினேன் மகள். ஓம், எனக்குப் பிள்ளை இல்லை என்று தலையாட்டினேன். அது கொப்பியில் ஒரு கோடு கீறிவிட்டு, பாவம் என்று சொல்லிக்கொண்டு போனது. அதற்கு முந்தின வாரம்தான் நான் முகத்தில் அடித்ததுபோல் பேசிப் பொய்க்காரியாக்கிய அதே இராசாத்தி, அவர்கள் கடப்பைத் தாண்டும்வரை கல் பொறுக்கினாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அடுத்த நாள் அவள் நெல் அவித்தாள். நான் அந்தப் பத்தொன்பது படிவங்களையும், அதோடு என் பழைய கொப்பியையும் கொண்டுபோனேன். நீ உன் ஆய்வுக்கு வேண்டும், கறையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாயே, அதே கொப்பிதான். அறுநூற்றுச் சொச்சம் பிள்ளைகள், பிறந்த நாள், நேரம், நிறை, தாயின் பெயர் எல்லாம். இருபத்தேழு வருடத்தில் நான் எழுதிய ஒரே புத்தகம். ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். தன்னுடைய பிள்ளைகளின் பக்கம் எது என்று இராசாத்தி கேட்டாள், காட்டினேன், அதைத் தானே வாங்கித் தானே வைத்தாள். உன் பெயர் அந்தக் கொப்பியில் இல்லை. உன்னை நான் எப்படிப் பிடித்திருப்பேன், பட்டினத்து ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பழகிய நஸீறா அல்லவா பிடித்தாள். அதனால் உன்னை எரிக்கவில்லை என்று ஒரு ஆறுதல். ஆனால் உன் படிப்புக்கு உதவ வேண்டியதை எரித்துவிட்டேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

அன்றிலிருந்து ஊர் முழுக்க எனக்குப் பிள்ளை இல்லை. உன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, சேலைக்குள் சுற்றி, நல்லரத்தினத்தின் தோணியில் மண்முனைத் துறையைக் கடந்து நஸீறா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் தன் அலுமாரியில் வைத்திருக்கிறாள். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் இப்போது காத்தான்குடிக்குப் போக வேண்டும். போன மாதம் மூன்று தரம் போனேன், மூன்றாம் தரம் நஸீறா ஒன்றும் கேட்காமல் படத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். ஊர்ச் சனம் நல்ல சனம், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றடியில், சங்கத்தில், எங்கேயும் மலர் எழுதினாளா என்று கேட்க ஒருவருமில்லை, என்னைக் காப்பாற்றுவதற்காகவே கேட்காமல் இருக்கிறார்கள். முன்பு அந்தக் கேள்வி எனக்குச் சலிப்பாக இருக்கும், இப்போது யாராவது வாய் தவறியாவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்கள், பின்னால் புது முகங்கள் நின்றன, என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு சுண்டு அரிசி போட்டால் மறுநாளுக்கும் மிஞ்சுகிறது. கதைக்க ஆளில்லாமல் கோழியை ஏசுகிறேன். முழங்கால் நோவும் பழையபடிதான், நீ அனுப்பிய எண்ணெய் முடிந்துவிட்டது, இன்னும் அனுப்ப வேண்டாம், அது இங்கே வரும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

இப்போது விளங்குகிறதா ஏன் வர வேண்டாம் என்கிறேன் என்று. நீ வந்து இந்த வளவில் நின்றால், உன்னைக் கூட்டிப்போவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். மறுபக்கம், இராசாத்தி சொன்னது பொய் என்றாகும், அவள் என்னைப்பற்றிச் சொன்னது பொய் என்றால் தன்னைப்பற்றிச் சொன்னதும் பொய்தானே என்று அவள் வீட்டில் திரும்ப எண்ணுவார்கள். அவளுடைய மூத்தவன் எங்கே, மூன்றாவது பெட்டை எங்கே என்று நான் இதில் எழுத மாட்டேன். ஒரு வீட்டின் சொல்லில்தான் அடுத்த வீடு நிற்கிறது. ஒரு ஊர் சேர்ந்து ஒரு காரியம் செய்வதைப்பற்றித்தானே நீ படிக்கிறாய், உன் புத்தகங்களில் அதற்குக் கூட்டம் வேண்டும், தீர்மானம் வேண்டும் என்று எழுதியிருக்கும். இங்கே ஒரு கூட்டமும் வைக்கவில்லை. ஒருத்தி தன் பிள்ளைகளைக் குறைத்துச் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரி அதற்கு ஓம் என்கிறாள், அவ்வளவுதான். அதைக் கெடுக்கப் பார்த்த ஒரே ஆள், எல்லாம் தெரிந்த மிட்வைப் அன்னப்பூரணி. இந்தப் பாடத்தை உன் ஆலோசகர் அம்மாவுக்கு என் பெயர் சொல்லாமல் சொல். கார்த்திகையில் ஒவ்வொருவரும் தன் ஊரைப்பற்றி மேடையில் பேசுகிற நாள் வருகிறது என்றாயே, அதில் கட்டாயம் பேசு, பயப்படாதே, உனக்கு நல்ல குரல். ஆனால் ஊர்ப் பெயர் சொல்லாதே, ஒரு படமும் காட்டாதே.

வயதுபோனவர்களிடம் போகிற இடத்தை எடு. அது குறைந்த வேலை என்று நினைக்காதே. அங்கே போகும்போது என்னைப்போல் குடையும் பேனையுமாகப் போய் நிற்காதே, படிவத்தைப் பைக்குள் வை, முதலில் இரு, தந்ததைக் குடி, குசினியில் எத்தனை கோப்பை கழுவி வைத்திருக்கிறார்கள் என்று பார். எனக்குப் பிள்ளை இல்லை என்று ஒரு கிழவி சொன்னால் உடனே எழுதிவிடாதே. அவளைத் திருத்தவும் போகாதே. இன்னொரு நாள் போய்ப் பக்கத்தில் இரு.

கிழித்த ஏழு கடிதத்தில் இரண்டு, சங்கத்தின் அழைப்புக் கடிதம். முத்திரையும் குத்தியிருந்தேன். இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீ வருவதில் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துவிடுவாய். மிச்சப் படிவம் பதினொன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். பத்து வெறுமையாக வருகின்றன, அவற்றை என்னால் நிரப்ப முடியாது. ஒன்று நம்முடைய வீடு. வீட்டிலுள்ளோர் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதியிருக்கிறேன், தற்போது வீட்டில் இல்லாதவர் ஒருவர், காரணம் படிப்பு. முப்பதில் எரியாமல் மிஞ்சிய சரியான கணக்கு இது ஒன்றுதான், கவனமாக வைத்திரு.

இனி நம்முடைய விலாசத்துக்கு எழுதாதே, தபால்காரர் லண்டன் கடிதம் என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு வருகிறார். நஸீறா விலாசத்துக்குப் போடு, பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தலை ஈரத்தோடு வெளியே போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னோடு இருந்து, நீ நல்லபடியாகப் படித்து முடித்து, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இன்னுமொன்று. நஸீறா வீட்டில் வாசித்தாலும் கடிதத்தை விட்டுவர எனக்கு மனம் வராது, துறையைத் தாண்டிக் கொண்டுதான் வருவேன், இரண்டு கரையிலும் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் உள்ளே அம்மா என்று எழுதாதே மகள். மாமி என்றே எழுது. வாசிக்கும்போது நான் மாற்றி வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா