மாதாவைத் தூக்கிக்கொண்டு தாஸ் மாமா வீட்டுக்கு

என் உயிருக்கு உயிரான நைனா,

அக்டோபர் பிறந்து ஜெபமாலை மாதா நம் தெருவுக்குள் வந்துவிட்டாள். தினம் ஒரு வீட்டில் நம் தெரு ஜெபக் குழுவான அன்பியத்தார் கூடி ஜெபம் சொல்வதும், மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்களே மாதா சுரூபத்தைத் தூக்கிப்போய் அடுத்த வீட்டில் வைப்பதும் மாறவில்லை. வரிசையும் மாறவில்லை. நமக்கு அடுத்து தாஸ் மாமா வீடு.

நீ போன பிறகு நான் அந்தப் படி ஏறியதே இல்லை. பக்கத்து வீட்டு பிலோமி அக்கா என்னிடம் மாதாவை வாங்கி அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஃபாதரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். இந்த வருஷம் அக்கா எர்ணாவூர் குடியிருப்புக்குப் போய்விட்டார். மாதாவுக்கு வழி தெரியும், எனக்குத்தான் கால் எழவில்லை.

உனக்கு எவ்வளவு தெரியுமோ. அன்றைக்கு எண்ணூர் யார்டில் கிரேனில் உட்கார்ந்திருந்தது உன் தோஸ்து தாஸ் மாமா. சங்கிலி நழுவி இரும்பு உன்மேல் விழுந்தது. அது கைத்தவறு, அதை நான் என்றைக்கோ மறந்திருப்பேன். ஆனால் போலீஸ் விசாரித்தபோது, "அந்தோணி தண்ணியில இருந்தான், அவனாத்தான் அடியில வந்து நின்னான்" என்றார். மாதா முன்னால் நேர்ந்துகொண்டு நீ குடியை விட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது! உன் சாவு வீட்டிலேயே அந்தப் பேச்சு அடிபட்டது. கடைசிக் காலத்தில் அம்மாவே என்னிடம் கேட்டாள், நைனா. "அன்னிக்கு மட்டும் குடிச்சிருப்பாரோ?"

அம்மாவைத் திட்டினேன். பிறகு எனக்கும் அந்தச் சந்தேகம் வர ஆரம்பித்தது. உன்னையே நான் சந்தேகப்படும்படி செய்தவரை எப்படி மன்னிப்பது? பரலோக மந்திரத்தில், 'நாங்கள் மன்னிப்பது போல எங்களை மன்னியும்' என்று மன்னிப்பு வரும் இடத்தில் நான் வாயை இறுக்கி மூடிக்கொள்வது கோவிலில் பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. அந்தோணி குடிக்கவில்லை என்று அவர் வாயால், நாலு பேர் எதிரில்.

இந்த முறை வேறு வழியில்லாமல் நானே போனேன். லூர்து அத்தை கதவைத் திறந்தார். மாமா பக்கவாதத்தில் படுத்திருப்பது தெரியும். பேச்சும் போய்விட்டது என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

"உன் பேரச் சொன்னா மட்டும் அயுதுகினே கீறாரும்மா" என்றார் அத்தை.

மாதாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். "எங்க நைனா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா மாமா? தலையையாவது ஆட்டு."

தலை ஆடியது. ஆமாம் என்றா, இல்லை என்றா? பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தத் தலை சும்மாவே ஆடிக்கொண்டிருக்கிறதாம், அத்தை சொன்னார்.

மாமா இடது கையை நீட்டினார். பிடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அத்தை எதிரில் தட்டிவிட முடியவில்லை, அவ்வளவுதான். மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை. அன்பியத்தார் வந்து ஜெபம் ஆரம்பித்தார்கள். அந்த இடம் வந்ததும் வழக்கம்போல நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா வாயைத் திறந்து ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

காணிக்கை வைக்கும் முன் உன் சகோதரனிடம் போய்ச் சமாதானமாகிவிட்டு வா என்று வேதத்தில் சொன்னார் ஆண்டவர். போனேனே, நைனா. அங்கே என்னோடு சமாதானமாக யார் இருக்கிறார்? உண்மை தெரிந்தவர்கள் நீங்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கல்லறையில், ஒருவர் கட்டிலில். இனி நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அடுத்த அக்டோபருக்கு அவர் இருப்பாரோ என்னவோ. இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாவை நானே கொண்டுபோகிறேன், இடையில் ஆள் தேட மாட்டேன். மன்னிப்பு வரும் இடத்தில் எனக்கு வார்த்தை வருமா, சத்தியமாகத் தெரியாது. வாயை மட்டும் திறந்து வைக்கிறேன்.

இன்னும் உன்னை நம்பப் பார்க்கிற உன் மகள்,
ஸ்டெல்லா