ரூம் இல்ல சார்

12 ஜூலை 1985, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். குடையை பஸ்ஸில் விட்டாச்சு, இந்த சீசனில் இரண்டாவது குடை. குற்றாலம் லாட்ஜில் பதினாலு ரூமும் ஃபுல். ஒன்பதாம் நம்பர் சுவரில் எண்ணெய்த் தலை சாய்த்த கறை, வரிசையாக ஐந்து. துடைத்தால் போகாது. வெள்ளையடிக்கணும்.

மத்தியானம் சாப்பிடத் தென்காசி வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரி கோமதி வாசலிலேயே நிற்கிறாள். கையில் கவர். (இனி கோ. என்றே எழுதுகிறேன். பேனா ஒழுகுகிறது.) மெட்ராஸ் மருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம். தென்காசியில் டிப்போ திறக்கிறார்கள். சுற்று ஊர்க் கடைக்காரர்கள் போனில் சொல்லும் ஆர்டரைக் கேட்டு எழுத ஆள் தேவை. வேலையே போனில்தான் என்பதால் முதல் பேட்டியும் போனில். 18ஆம் தேதி வியாழன், காலை பத்து மணி சுமாருக்கு அவர்களே டிரங்க் கால் போடுவார்கள்.

எந்த நம்பருக்கு? விண்ணப்பத்தில் கோ. கொடுத்திருப்பது எங்கள் லாட்ஜ் நம்பர். நான் அங்கே மேனேஜர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேட்டா என்ன சொல்லியிருப்பிய?"

முதலாளி அண்ணாச்சி என்ன நினைப்பாரோ என்றுதான் சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

வயது வரம்பு முப்பது. அக்டோபர் வந்தால் கோ. அதைத் தாண்டிவிடுவாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. எல்லாம் சரி. ஆனால் இன்றுவரை ஒரு தடவைகூட போனில் பேசியதில்லை.

13, சனி

கூட்டம். 'ரூம் இருக்கா' என்று கேட்டு மட்டும் 41 கால். எரிச்சலில் எண்ணினேன். நாற்பத்தொன்றுக்கும் ஒரே பதில், ஒரே மூச்சில்: ரூம் இல்ல சார், ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஃபுல். பதினோரு வருஷப் பழக்கம். அவர்கள் கேட்டு முடிக்கும் முன்னால் நான் வைத்துவிடுவேன்.

மகள் பாப்பாவின் பழைய கணக்கு நோட்டில் கோ. போட்டிருக்கும் பட்டியல்:
பேனா 2
மருந்துப் பெயர் 60 (பஜார் மருந்துக் கடையில் கேட்டு எழுதியது, உச்சரிப்போடு)
டிப்போ பற்றி நாம் கேட்க வேண்டியது
ஸ்டாக் இல்லாத மருந்தைக் கேட்டால் என்ன சொல்வது
ஹலோ எப்படிச் சொல்வது

கடைசிக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு.

14, ஞாயிறு

மூன்று மணிக்கு லாட்ஜில் ஒத்திகை. ஏற்பாடு: முதலாளி வீட்டு மதினி தென்காசியிலிருந்து போன் போடுவார்கள், இங்கே கோ. எடுப்பாள்.

மணி அடித்ததும் கோ. எழுந்து நின்றாள். செருப்பைக் கழற்றினாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மதினி கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள். பேச்சு மூச்சில்லை. மதினி குரல் எனக்கே கேட்டது.

"ஏட்டி கோமதி, இருக்கியா, போயிட்டியா?"

"இருக்கேன் மதினி. ஆமான்னு தலையாட்டுதேம்லா."

சிரித்துவிட்டேன். கோ. பார்த்த பார்வையில் சாவி மாட்டும் பலகையைத் துடைக்கப் போனேன்.

இரண்டாவது தடவை கத்தினாள். மூன்றாம் நம்பர்க்காரர் துண்டோடு வெளியே ஓடி வந்து, "என்ன சார், சண்டையா?" மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது, இரைச்சல் மேஜைவரை வருகிறது. அதற்கு மேல் கத்தினால்தான் மெட்ராஸுக்குக் கேட்கும் என்று நினைத்திருக்கிறாள். நானும் அப்படித்தான் இத்தனை வருஷமாகக் கத்துகிறேன்.

மதினி கடைசியாகக் கேட்ட கேள்வி: "இன்னைக்கு என்ன கொழம்பு?" கம்பெனிக்காரன் இதைக் கேட்க மாட்டான்.

15, திங்கள்

கூப்பிடாமலே பதினொரு மணி பஸ்ஸில் வந்துவிட்டாள். கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் போனில் பேசுவதை எழுதிக்கொண்டே இருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. பாராட்டப் போகிறாள் என்று கொஞ்சம் நன்றாகவே பேசினேன்.

"நீங்க மொத வார்த்தையிலயே ஆளை வெளிய தள்ளுதிய."

"ரூம் இல்லாட்டி இல்லன்னுதான சொல்லணும்?"

"யாரு, எந்த ஊரு, என்னைக்கு வேணும்னு கேக்கலாம்லா? கடைக்காரன் ஒரு மருந்து கேக்கான், ஸ்டாக் இல்ல. இல்லன்னு ஆரம்பிச்சா அவன் அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். என்னைக்கு வரும், அதுவரைக்கும் வேற என்ன குடுக்கலாம்னு சொன்னா இருப்பான்."

ரூம் இல்லை என்று சொல்ல இவ்வளவு நீட்டி முழக்கணுமா என்று கிண்டல் செய்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தே இதைப் பிடித்துவிட்டாள். கெட்டிக்காரி.

ஒன்பதாம் நம்பர் காலி. கறை இப்போது ஆறு.

16, செவ்வாய்

சாயங்காலம் போன். எடுத்தேன், "ரூம் இல்ல சா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"வணக்கம். நான் கோமதி பேசுறேன்."

மதினி வீட்டிலிருந்து பேசுகிறாள். மெதுவாக, தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. வெளியே அருவி இரைகிறது, ஒரு எழுத்து விடாமல் கேட்டது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எட்டு வருஷமாக ஒரே வீட்டில் கேட்கிற குரல். உப்பு வாங்கிட்டு வாங்க, பாப்பாவைப் பிடிங்க என்று கேட்ட குரல். இது இவ்வளவு நல்ல குரல் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"எப்படிட்டி இப்படி மாத்துன?"

"கத்துனா அருவிகூட போட்டி போடணும். அதுல நாம ஜெயிக்க முடியாதுல்லா." அப்புறம், "வியாழக்கிழமையும் ரூம் இல்லன்னு சொல்லிராதிய" என்றாள். இருவரும் சிரித்தோம்.

17, புதன். ஆடி அமாவாசை

விடியுமுன்பே கூட்டம். படிக்கட்டில்கூட ஆள். வேட்டி காயப்போட இடமில்லை. சாப்பாடு நின்றபடி.

வீட்டில் கோ. நீலச் சேலையை இஸ்திரி போடுகிறாள். போனில் சேலை தெரியுமா என்றேன். "எனக்குத் தெரியும்லா" என்றாள்.

சர்டிபிகேட் ஃபைலைத் திறந்தபோது பார்த்தேன். அடியில் இரண்டு பழைய பேட்டிக் கடிதம். '79 கோயம்புத்தூர். '81 மெட்ராஸ். அவ்வளவு தூரமா, பிள்ளையை யார் பார்ப்பது என்று இரண்டு தடவையும் வேண்டாம் என்றது நான். அவள் ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். இத்தனை வருஷமாக வைத்திருக்கிறாள் என்று தெரியாது.

18, வியாழன்

நடந்ததை நடந்தபடி, வரிசையாக எழுதுகிறேன்.

9.10. கோ. வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம், பாதி நனைந்துவிட்டாள். என் அறையில் தலை துவட்டி, கொண்டுவந்த நீலச் சேலையை உடுத்தப் போனாள்.

9.25. போன். எக்ஸ்சேஞ்ச் பெண், "மெட்ராஸ் டிரங்க் கால், பேசுங்க." ஒரு ஆண் குரல், "ஹலோ, குற்றாலமா?" எதிரே நாலாம் நம்பர்க்காரர் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "ரூம் இல்ல சார் ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஃபுல்." வைத்தேன். சாவியைக் கொடுத்தேன்.

9.30. மறுபடி எக்ஸ்சேஞ்ச் பெண். "அண்ணாச்சி, ஏன் வச்சிட்டிய? அந்த சார் கோமதின்னு ஒரு அக்காவைக் கேக்கத்தான் போட்டாவ. திரும்பப் போடட்டான்னேன், வேண்டாம்னுட்டாவ."

பத்து மணி என்றுதானே எழுதியிருந்தார்கள். டிரங்க் கால் முன்னேபின்னே கிடைக்கும் என்பது பதினோரு வருஷம் போன் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குத் தெரியாதா?

9.40. கோ. வெளியே வந்தாள். நீலச் சேலை, சின்னதாகப் பூ. நேராக உட்கார்ந்து நோட்டை மூடி வைத்தாள். நான் சொல்லவில்லை.

10.05. போன். அவளே எடுத்தாள். ரூம் கேட்டு மதுரைக்காரர். எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டாள். அவர் திங்கட்கிழமைக்கு ஒத்துக்கொண்டு நன்றி சொல்லி வைத்தார். இந்தப் போனில் யாரும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

10.20, 10.35, 10.50. எல்லாம் ரூம். ஒவ்வொன்றுக்கும் அதே பொறுமை. ஒவ்வொரு மணிக்கும் முதலில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம், அப்புறம் அதைக் காட்டிக்கொள்ளாத குரல்.

11.15. "லைன் கிடைக்கலையோ?" என்று என்னைக் கேட்டாள். "ம்" என்றேன். இதுவரை நான் சொன்ன பொய்யிலேயே சின்னது, கேவலமானது.

11.30. சொல்லிவிட்டேன்.

"ரூம் இல்லன்னா சொன்னிய?"

"ஆமா."

கண் நிறைந்துவிட்டது. இஸ்திரி போட்ட முந்தானையாலேயே துடைத்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நகருங்க" என்றாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிதத்தின் தலைப்பில் இருந்த மெட்ராஸ் நம்பரைச் சொல்லி அர்ஜென்ட் கால் கேட்டாள். எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல்: "நீங்கதானாக்கா கோமதி? இருங்க, கிடைக்கிற வரைக்கும் விடாம போடுதேன்."

12.50க்குக் கிடைத்தது. அந்தப் பக்கம் மனுஷன் கத்துகிறார், அதனால் எனக்கும் கேட்டது. காலையில் பேச முடியாமல் போனது எங்கள் தவறு, வருந்துகிறேன், இப்போது ஐந்து நிமிஷம் தர முடியுமா என்றாள். நடுக்கம் இல்லை. கெஞ்சல் இல்லை. படிப்பு கேட்டார். மருந்துப் பெயர் பத்துச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். அறுபதைப் படித்தவளுக்குப் பத்து எம்மாத்திரம்? அப்புறம் அவர் குரல் கொஞ்சம் கடுத்தது.

"காலையில ஒருத்தர் ரூம் இல்லேன்னு டக்குன்னு வச்சுட்டாரே. அந்த இடத்துல நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கோ. என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பூமி பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

"வணக்கம், யார் பேசுறீங்கன்னு முதல்ல கேட்டிருப்பேன் சார்" என்றாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு. தபாலிலோ போனிலோ தெரிவிக்கிறோம் என்று வைத்துவிட்டார்.

என்ன மனுஷி! நான் அணைத்த விளக்கை என் கண் முன்னாலேயே ஏற்றிக்கொண்டாள். என்னை யாரென்றும் அவரிடம் காட்டிக் கொடுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டில் ரசம், துவையல். அப்பளம் பாப்பா தட்டில் மட்டும்.

20, சனி

இரண்டு நாளாகப் பேச்சில்லை. அப்பளமும் இல்லை.

காலையில் நானே ஆரம்பித்தேன். கோயம்புத்தூர், மெட்ராஸ், வியாழக்கிழமை, மூன்றுமே என் தப்பு. மூன்று தடவையும் முதல் வார்த்தையிலேயே இல்லை என்றவன் நான். இப்படியே சொன்னேன், தலையைக் குனிந்துகொண்டு.

கோ. தோசையைத் திருப்பிப் போட்டாள். "தெரியும்" என்றாள். அடுத்த மாவை ஊற்றிக்கொண்டே, "அதையும் அந்த டைரில எழுதி வச்சுக்கிடுங்க."

எழுதிவிட்டேன்.

22, திங்கள்

தபால் இல்லை. மதுரைக்காரர் குடும்பத்தோடு வந்து, போனில் பேசின அம்மா எங்கே என்று கேட்டார். பெருமையாக இருந்தது, வலிக்கவும் செய்தது.

24, புதன்

வெயில். அருவியில் தண்ணீர் குறைவு. கோ. தபால்காரரைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

10.50. போன். மெட்ராஸ் டிரங்க் கால். 'ரூ' வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வணக்கம். யார் பேசுறீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு. அதே குரல். கோமதி அம்மாவிடம் சொல்லுங்கள், ஆகஸ்ட் முதல் தேதி வேலையில் சேரணும், ஆர்டர் தபாலில் வருது. நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். "ஹலோ, இருக்கீங்களா?" என்று அவர் கத்தியபிறகுதான் நினைவு வந்தது.

"இருக்கேன் சார். சொல்லிருதேன் சார்."

"அப்புறம் ஒரு உதவி. டிப்போ பார்க்க சனிக்கிழமை நானே வர்றேன், குடும்பத்தோட. உங்க லாட்ஜ்ல ஒரு ரூம் கிடைக்குமா?"

சனி, ஞாயிறு ஃபுல். பதினாலும். வராந்தாவுக்குக்கூட ஆள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"எத்தனை பேர் சார்? எத்தனை மணிக்கு வாறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டேன். நாலு பேர், காலை ஏழு மணி. "வாங்க சார்" என்றேன்.

வைத்துவிட்டு என் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன். கட்டிலுக்கு அடியில், பஸ்ஸில் விட்டதாக நினைத்த இரண்டு குடையும் கிடைத்தது. டிரங்குப் பெட்டி, பாய், பழைய பேப்பர் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே. சனி ஞாயிறு ரூம் இல்லாதவன் நான்தான்.

பதினொன்றரை தென்காசி பஸ்ஸின் ஹாரன். கோ.விடம் இதை நேரில்தான் சொல்லணும், கிளம்புகிறேன்.