ஜோயலின் மூச்சு

பழங்காநத்தம்
4.11.2024

மச்சானுக்கு ஜெஸி எழுதுவது.

நலம் விசாரிக்க மனசு வரவில்லை. எங்கள் ஸ்கூலுக்குப் புதிதாக வந்த பவதாரிணி டீச்சர், தாய்மார்களுக்கு நீங்கள் அலங்காநல்லூரில் நடத்தும் வகுப்புக்குப் போயிருக்கிறாள். மதியம் சாப்பிடும்போது, வகுப்பில் கொடுத்த வீடியோ என்று போனை நீட்டினாள். "பாருங்க டீச்சர், பிள்ளைக்கு நெஞ்சுக்குக் கீழ இப்படி உள்ள இழுத்தா வீட்டுல வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதாம்."

முகம் தெரியவில்லை. தொப்புளுக்கு மேலே அந்த மச்சம். நம் பிள்ளை ஜோயல். அவனைப் புதைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் கையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

அதை நிறுத்துங்கள்.

ஜெஸி

தல்லாகுளம்
9.11.2024

ஜெஸி,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நிறுத்த மாட்டேன்.

சளி பிடித்தால் தாய்ப்பாலை நிறுத்தாதே, மூக்கில் எண்ணெய் விடாதே, மிச்சம் இருக்கிற மருந்தைக் கொடுக்காதே என்று கத்துகிறேன். தலையை ஆட்டுகிறார்கள். "நெஞ்சு எப்படிண்ணே உள்ள இழுக்கும்?" என்று கேட்டால் நான் எதைக் காட்ட? பொம்மை மூச்சு விடாது. ஜோயலைப் போட்டால் அறையே அடங்கிவிடுகிறது. போன வாரம் ஒருத்தி பாதியிலேயே எழுந்துவிட்டாள். "எம்புள்ளைக்குக் காலையில இப்படித்தான் இருந்துச்சு." என் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டது.

இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? வீட்டுக்கு வா.

மெர்வின்

பழங்காநத்தம்
14.11.2024

மச்சானுக்கு,

அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணினேன்.

வீடியோவைப் பவதாரிணியிடம் வாங்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பரீட்சை எழுதும்போதுகூட எடுத்துப் பார்க்கிறேன். அதில் சத்தமே இல்லை. நீங்கள் எடுத்தபோது நான் பக்கத்தில்தானே இருந்தேன்?

ஜெஸி

தல்லாகுளம்
18.11.2024

ஜெஸி,

சத்தத்தை நான்தான் நீக்கினேன். அதில் நீ பேசுகிறாய். "அழுகைய விட்டுட்டான் மச்சான். சளி எறங்கிருச்சு போல. தூங்கட்டும், எழுப்பாதீங்க." நான் "சரி" என்கிறேன். தினமும் நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கிறவன், சரி என்கிறேன்.

முழு வீடியோவும் என்னிடம் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் குரல் கேட்கிறது, போனைத் தொடாமலே. உன்னை எவளும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அதனால்தான் நீக்கினேன். போதுமா?

மெர்வின்

பழங்காநத்தம்
21.11.2024

மச்சானுக்கு,

சத்தத்தோடு போடுங்கள்.

பால் குடிக்காமல் துவண்டு கிடந்ததை நான் தூக்கம் என்று நினைத்தேன். அந்த அறையில் இருக்கிறவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். நெஞ்சு இழுப்பதை நீங்கள் காட்டிவிடுகிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே பெற்றவள் என்ன சொல்லுவாள் என்பதையும் அவர்கள் கேட்கட்டும்.

வீட்டுக்கு என்னால் வர முடியாது. அங்கே நான் ஜோயல் இன்னும் தூங்குகிற மாதிரி, எழுப்பாமல் நடந்து பழகிவிட்டேன்.

சனிக்கிழமை அலங்காநல்லூர் பஸ்ஸில் வருகிறேன். தாய்மார்களோடு உட்காருவேன். வீடியோ முடிந்ததும் "இது யாரு பேசுறது?" என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். நான் எழுந்து நிற்பேன்.

ஜெஸி