கோஷோ யாரையும் கடிக்கவில்லை

அனுப்புநர்:
கெனோவெவா கால்சேவா (வயது 63),
சுரங்க அலுவலகத் தட்டச்சர் (ஓய்வு),
குடியிருப்போர் பொறுப்பாளர்,
14ஆம் பிளாக், இரண்டாம் வாசல் (24 வீடுகள்),
லிப்பா தெரு, பெலோகாமென், பல்கேரியா.

பெறுநர்:
துணை மேயர் அவர்கள் (சுகாதாரம் மற்றும் தெருவிலங்குகள்),
நகராட்சி அலுவலகம், பெலோகாமென்.

பொருள்: மஞ்சள் காதுவில்லை எண் 2217 உள்ள நாயின் பதிவேட்டிலிருந்து ‘கடித்தது’ என்ற குறிப்பை நீக்கவும், அதன் தோல் நோய் தீரும்வரை அதை உயிருடன் வைத்திருக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 6.3.2023
2. எனது மனு, நாள் 20.3.2023
3. எனது புகார், நாள் 3.4.2023

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் மூன்றாவதாக உள்ள புகாரில் ஒரு வரி பொய். அதை எழுதியவள் நான். அந்த வரியைத் திரும்பப் பெறவே இந்த மனு. அந்தப் பொய்யை நான் எப்படி எழுத நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொன்னால்தான் தாங்கள் நம்புவீர்கள். எனவே மனு சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. மேற்படி நாயை எங்கள் பிளாக்கில் கோஷோ என்று கூப்பிடுவோம். ஆறு வருடங்களுக்கு முன் தங்கள் துறைதான் அதைப் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, காதில் மஞ்சள் வில்லை மாட்டி, எங்கள் வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. அன்று முதல் அது எங்களோடுதான் இருக்கிறது. யாருடைய நாய் என்று கேட்டால் இந்த வாசலில் குடியிருக்கும் எல்லோரும் ‘எங்களுடையது’ என்பார்கள். மருத்துவரிடம் கூட்டிப்போவது யார் என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். இதில் நானும் அடக்கம்.

2. மார்ச் முதல் தேதி, வழக்கம்போல வசந்தத்தை வரவேற்க எல்லோரும் சிவப்பு வெள்ளை நூல் கட்டிக்கொண்டோம். மூன்றாம் மாடி ஸ்னெஷினாவின் மகள் ராயா (வயது 5) கோஷோவின் கழுத்திலும் ஒன்று கட்டப் போனாள். அப்போதுதான் காதுக்குப் பின்னால் வட்டமாக முடி கொட்டியிருப்பதைப் பார்த்தோம். ஒரு லெவ் நாணயம் அளவுதான் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பொருக்கு இருந்தது. அதைக் குறிப்பிட்டு, மருத்துவரை அனுப்பக் கோரி முதல் மனுவை எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது தங்கள் அலுவலகத்தில் ஒருவர், “நாய்க்கு முடி கொட்டுதுன்னா நாங்க என்னம்மா பண்றது? எனக்கும்தான் கொட்டுது” என்றார். பதிவுக்காகச் சொல்கிறேன், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

3. இரண்டு வாரத்தில் வட்டம் நான்காகி, முகத்திலும் முன்னங்காலிலும் வந்தது. ராயாவின் கையிலும் அதே போன்ற சிவப்பு வட்டம் ஒன்று வந்தது. குழந்தைகள் மருத்துவர் அதைப் படர்தாமரை என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். ஸ்னெஷினா என் கதவைத் தட்டி, “அக்கா, அந்த நாய் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா நாளைக்குப் பள்ளிக்கூடத்துல என் புள்ளைய ஒதுக்கி உக்கார வச்சா, நீங்க வந்து பக்கத்துல உக்காருவீங்களா?” என்று கேட்டாள். அன்றே இரண்டாவது மனுவை எழுதினேன். நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பூஞ்சை என்று அடிக்கோடிட்டும் எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

4. பதில் வராத இடத்தில் மெத்தோதி வந்தார். கீழ்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற மெக்கானிக். ஊரிலுள்ள எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு. தன் லாடா காரிலிருந்து வடித்த கருகிய எஞ்சின் எண்ணெயை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார். “எங்கப்பா கிடை நாய்ங்களுக்கு இதைத்தான் தடவுவாரு. மூணே நாள்ல முடி மொளைக்குதா இல்லையா பாரு கெனா” என்று சொல்லி, நாயின் முதுகு முழுவதும் தடவினார். இங்கே எந்த ஊரிலும் இதைச் செய்யாதவர் குறைவு என்பது தங்களுக்கும் தெரியும். நான் தடுக்கவில்லை. மனு எழுதி ஓய்ந்த எரிச்சலில், இதையாவது செய்து பார்ப்போம் என்று கோஷோவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். அது ஒருமுறைகூட உறுமவில்லை. மூன்றாம் நாள் முடி முளைக்கவில்லை. தோல் வெந்து உரிந்தது. எண்ணெயை நக்கி வாந்தி எடுத்தது. கறுத்து, ஈரமாக, பார்க்கவே பயப்படும்படி ஆகிவிட்டது. தங்கள் கோப்பில் இருக்கும் புகைப்படத்தில் உள்ள கோரம் நோயால் வந்ததல்ல, எங்களால் வந்தது.

5. ஏப்ரல் 3ஆம் தேதி காலை படிக்கட்டில் கூட்டம் போட்டோம். நாயைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மெத்தோதி சொன்னார்: “நீ எழுதுறது சரியில்ல கெனா. பாவம், நோயி, மருந்துன்னு எழுதினா யாரு வருவா? கடிச்சிடுச்சுன்னு ஒரே ஒரு வரி சேரு. அடுத்த நிமிஷம் பூட்ஸ மாட்டிக்கிட்டு ஓடி வருவானுங்க. வந்ததும் டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிக்கலாம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் அடித்தளத்தில் வெள்ளம் என்று எழுதித்தான் நாங்கள் ஆள் வரவழைப்போம். இத்தனை வருடமாக இந்தத் தெருவின் மனுக்களை எழுதிவரும் எனக்கு அது புதிதல்ல. எனவே எழுதினேன்: ‘மேற்படி நாய் எங்கள் வாசலில் வசிக்கும் குழந்தை ஒன்றைக் கடித்துவிட்டது.’ முப்பது வருடம் தட்டச்சு செய்தவள் ஆகையால் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் எழுதினேன்.

6. இரண்டு மணி நேரத்தில் வண்டி வந்தது. அதில் மருத்துவர் இல்லை. சுருக்குக் கம்போடு இருவர் இருந்தார்கள். நான் உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். “பேப்பர்ல இருக்கறதுதாம்மா எங்களுக்கு” என்றார்கள். கம்புகூடத் தேவைப்படவில்லை. நான் கூப்பிட்டதால் கோஷோ தானாகவே வண்டியில் ஏறியது.

7. தங்கள் காப்பகத்து மருத்துவர் இல்கோவ் நல்ல மனிதர். ஊதா விளக்கை வைத்துப் பார்த்ததில் முடியின் வேர்கள் பச்சையாக மின்னின என்றார். மறுநாளே முடியும் பொருக்கும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். “இது சொறியும் இல்ல, வெறியும் இல்லம்மா. சாதாரணப் படர்தாமரை. மாத்திரையும் மருந்துக் குளியலுமா ஆறு வாரம் கொடுத்தா, பழையபடி நல்ல நாயா திரும்பி வந்துடும்” என்றார். உடனே என் கையெழுத்தில் அழைத்துப்போகிறேன் என்றேன். அதற்கு அவர் விளக்கிய விதி பின்வருமாறு:

கடித்த நாயைப் பதினான்கு நாட்கள்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் யாரும் பொறுப்பேற்று அழைத்துப்போகாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். ஆனால் தொற்றுநோய் உள்ள நாயை, ஆய்வக அறிக்கை இல்லாமல் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. பூஞ்சை வளர்ந்து அறிக்கை வர இருபத்தொரு நாட்கள் ஆகும். கடிக்காத நோயாளி நாய் என்றால் குணமாகும்வரை வைத்திருக்கலாம்.

ஆக, கோஷோவைக் கொல்லப்போவது பூஞ்சை அல்ல. என் வரி.

8. அந்தக் குறிப்பை நீக்கக் கோரித் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். கடிபட்டவரே வந்து கடிபடவில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். கடிபட்டவர் எவரும் இல்லை என்றேன். அப்படியானால் வாசலில் உள்ள எல்லா வீட்டாரிடமும் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஒரே மாலையில் இருபத்து மூன்று வீடுகளில் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து ஸ்னெஷினாவுடையது. 19ஆம் எண் வீடு நான்கு வருடமாகப் பூட்டியிருக்கிறது. அந்தக் குடும்பமே ஸ்பெயினில் வேலை செய்கிறது. தாளைப் பார்த்த அதிகாரி, “அப்போ கடிபட்டது அந்த வீட்டுக் குழந்தையா இருக்கலாமே” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. (23 கையெழுத்துகள் இணைக்கப்பட்டுள்ளன.)

9. செவ்வாய், வியாழன் மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பார்வை நேரம் என்பதால் மூன்று முறை போய்ப் பார்த்தேன். தொடக் கூடாது, கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். எண்ணெய்ப் புண் ஆறிவருகிறது. காதுக்குப் பின்னால், முதலில் கொட்டிய இடத்தில், மெல்லிய முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து வாலாட்டிக்கொண்டு கம்பியருகே வருகிறது. அதை அங்கே அனுப்பியது யார் என்று அதற்குத் தெரியாது. என்னால் அதன் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை, ஐயா. வெட்கமாக இருக்கிறது.

10. பதினான்காம் நாள் வரும் 16ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. நாளை முதல் திங்கள் வரை எல்லா அலுவலகங்களும் விடுமுறை. 18ஆம் தேதி செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஊசி என்று காப்பகப் பலகையில் 2217 எழுதப்பட்டுவிட்டது. ஆய்வக அறிக்கை 25ஆம் தேதிதான் வரும். இந்த மனுவைத் தங்கள் கையில் நேரில் கொடுக்க இன்று காலையிலிருந்து காத்திருக்கிறேன். தாங்கள் விடுப்பில் புறப்பட்டுவிட்டீர்கள் என்கிறார்கள். பெட்டியில் போடச் சொல்கிறார்கள். பெட்டியைச் செவ்வாய் ஒன்பது மணிக்குத் திறப்பார்களாம்.

ஆகவே ஐயா அவர்கள், யார் மூலமாகவாவது இது தங்கள் பார்வைக்கு வந்தால், அந்த ‘கடித்தது’ என்ற ஒரு சொல்லை அடித்துவிட உத்தரவிட வேண்டும். அது முடியாதென்றால், அறிக்கை வரும் 25ஆம் தேதி வரையாவது, ஒரு வாரம் கூடுதலாக, நாயை வைத்திருக்க உத்தரவிட வேண்டும். அதன் தீனியும் மருந்தும் என் பொறுப்பு. வீட்டில் கம்பளங்களைச் சுருட்டிவிட்டு, பால்கனியை அதற்காக ஒழித்து வைத்திருக்கிறேன். அரசு அலுவலகத்துக்குப் பொய்ப் புகார் கொடுத்ததற்காக என்மேல் எந்த நடவடிக்கை எடுத்தாலும், மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்வேன் என்று இதன்மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

என் முதல் இரண்டு மனுக்களிலும் உண்மையைத்தான் எழுதியிருந்தேன், யாரும் வரவில்லை. மூன்றாவதில் பொய் எழுதினேன்; இரண்டு மணி நேரத்தில் வந்தீர்கள். இந்த நான்காவதில் எல்லாமே உண்மை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

இடம்: பெலோகாமென்
நாள்: 13.4.2023, மாலை 4.50

இப்படிக்கு,
இந்த முறை உண்மையுள்ள,
(கெனோவெவா கால்சேவா)